மிதிவண்டியின் பற்கள் சொல்லும் வரலாறு



நம் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் ஒரு காலத்தில் கறுப்பு நிறச் சைக்கிள் ஓடாத வீதியைக் காண்பது அரிதாக இருந்தது. ரொட்டி விற்பவர் அதில் வந்தார். தபால்காரர் அதில் வந்தார். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தகப்பனார் அதை மிதித்துச் சென்றார். அந்த வண்டியில் கியர் மாற்றும் கருவி எதுவும் இருந்ததில்லை. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் இணைக்க செயின் என்று நாம் சொல்லும் சங்கிலி, அவ்வளவுதான். மேடானாலும், எதிர்க்காற்று வீசினாலும், பின்னால் அரிசி மூட்டையே இருந்தாலும் அதே கியர்தான்.

அந்த முன் சக்கரத்தில் எத்தனை பற்கள் இருந்தன, பின் சக்கரத்தில் எத்தனை பற்கள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. எண்ணியிருந்தால், முன்னால் 44 முதல் 48 வரையிலும் பின்னால் 18 அல்லது அதையொட்டியும் இருப்பதைக் கண்டிருப்போம். ஏன் இந்த எண்கள்? 30 பல்லும் 30 பல்லுமாக ஏன் வைக்கவில்லை? 60 பல்லும் 10 பல்லுமாக ஏன் வைக்கவில்லை? இந்த எண்களை முடிவு செய்தவர் யார்? இன்றைய உரையில் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடப் போகிறோம். விடை நம்மை ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அழைத்துச் செல்லும்.

மிதிவண்டியின் முன்னோடியை 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டினார். மரத்தால் ஆன அந்த வண்டியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள் இருந்தன, பெடல் இல்லை. ஓட்டுபவர் வண்டியின் மீது அமர்ந்து, கால்களால் தரையை உதைத்து உதைத்து முன்னேறினார். கால் தரையைத் தொடும் வரையில் கியர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கால் தரையை விட்டது 1860-களில்தான். பாரிஸ் நகரில் மிஷோ குடும்பத்தாரின் பட்டறையிலிருந்து முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பொருத்திய வண்டிகள் வெளிவந்தன. இன்று குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் பெடல் எங்கே இருக்கிறதோ, அதே இடத்தில்தான் அந்த வண்டிகளிலும் இருந்தது. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே ஒரு மிதிக்கு அதிக தூரம் போக வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. சக்கரத்தையே பெரிதாக்க வேண்டும்.

அந்த வழியில் மிகத் துணிவாகச் சென்றவர்கள் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துத் தொழில் வல்லுநர்கள். அங்கே ஜேம்ஸ் ஸ்டார்லி, வில்லியம் ஹில்மன் ஆகிய இருவரும் 1870-இல் கம்பி ஆரங்கள் கொண்ட இலேசான சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். மரச் சக்கரத்தைப் பெரிதாக்கினால் பாரம் கூடும். கம்பிச் சக்கரத்தில் அந்தத் தடை நீங்கியது. அதன் பின் முன் சக்கரம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 48 அங்குலம், 54 அங்குலம், 60 அங்குலம் வரையிலும் போயிற்று. பின்னால் ஒரு சிறு சக்கரம் துணைக்கு ஓடியது. பழைய படங்களில் மீசை வைத்த கனவான்கள் ஆள் உயரச் சக்கரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அது வேடிக்கைக்காகச் செய்யப்பட்டதன்று. அந்தப் பெரிய சக்கரம்தான் அந்த வண்டியின் கியர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 54 அங்குலக் குறுக்களவு உள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 170 அங்குலம், அதாவது 4.3 மீட்டர். ஒரு மிதிக்கு வண்டி 4.3 மீட்டர் போகும். 60 அங்குலச் சக்கரமாக இருந்தால் 4.8 மீட்டர் போகும். அப்படியானால் 80 அங்குலம், 100 அங்குலம் என்று ஏன் வளர்க்கவில்லை? கால் எட்டாது என்பதே காரணம். சக்கரத்தின் உச்சிக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்திருப்பவருடைய கால் கீழே இறங்கும் பெடலைத் தொட வேண்டும். ஆகவே தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போல, அந்நாளில் கால் நீளத்தைப் பார்த்துத்தான் சக்கரத்தை வாங்கினார்கள். நெட்டையானவருக்குப் பெரிய சக்கரம். குட்டையானவருக்குச் சிறிய சக்கரம். குட்டையானவர் எவ்வளவுதான் பலசாலியாக இருந்தாலும் அவருக்கு நெட்டையானவரின் கியர் கிடைக்காது. நீண்ட பாவாடை அணிந்த அக்காலப் பெண்களுக்கோ அந்த வண்டியில் ஏறுவதே பெரும்பாடு. வழியில் ஒரு கல் தடுக்கினால் போதும், ஓட்டுபவர் தலைகுப்புற முன்னால் விழுவார்.

ஆக, நம் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிட்டது. 1870-களில் மிதிவண்டியின் கியரை முடிவு செய்தது மனிதனின் கால் எலும்பு.

எலும்பிடமிருந்து அந்த உரிமையைப் பறித்தது சங்கிலி. பெடலை ஓரிடத்திலும் ஓடும் சக்கரத்தை வேறோர் இடத்திலும் வைத்து, இரண்டையும் பல்சக்கரத்தாலும் சங்கிலியாலும் இணைத்துவிட்டால், சக்கரம் சிறியதாக இருந்தாலும் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது அதை இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்ற வைக்கலாம். இந்த எண்ணம் இங்கிலாந்தில் ஹாரி லாசன் என்பவருக்கு உதித்து, 1879-இல் பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் வண்டி ஒன்றை அவர் உருவாக்கினார். வண்டி விற்பனையில் வெற்றி பெறவில்லை. நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தாங்கும் நல்ல சங்கிலியும் வேண்டும்.

அதுவரை இருந்த சங்கிலிகளில் மெல்லிய தகடுகளின் துளைகளில் ஆணிகள் உராய்ந்து கொண்டிருந்தன. உராயும் பரப்பு மிகக் குறைவு. அதனால் ஆணி விரைவில் தேய்ந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் 1880-இல் இந்தக் குறையைத் தீர்த்தார். அவர் ஆணியின் மேல் ஒரு குழலை மாட்டினார். குழலின் மேல் தாராளமாகச் சுழலும் ஓர் உருளையை மாட்டினார். தேய்மானம் தகட்டின் விளிம்பில் விழாமல் குழலின் முழு நீளத்துக்கும் பரவியது. உருளையோ பல்லின் மேல் உராயாமல் உருண்டு இறங்கியது. இன்று நம் வீட்டு மிதிவண்டியில் ஓடும் சங்கிலியும், மோட்டார் சைக்கிளில் ஓடும் சங்கிலியும் அதே ரெனோல்ட் சங்கிலியின் வழித்தோன்றல்களே.

நல்ல சங்கிலி கிடைத்த பிறகு நிகழ்ச்சிகள் விரைந்து நடந்தன. ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, அதே கவன்ட்ரி நகரில் 1885-ஆம் ஆண்டில் 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். விரைவில் அதன் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தன. பெடல் நடுவில், சங்கிலி பின் சக்கரத்துக்கு, கால் தரைக்கு எட்டும் உயரம். பாதுகாப்பு மிதிவண்டி என்று மக்கள் அதை அழைத்தார்கள். போலந்து நாட்டு மொழியில் இன்றும் மிதிவண்டிக்கு 'ரோவெர்' என்றுதான் பெயர். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய சக்கரம் அதிகமாகக் குலுங்கும் என்ற குறையும் அதனால் தீர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆள் உயரச் சக்கரங்கள் வீதியை விட்டே மறைந்தன.

இதன் சமுதாயப் பயனை நாம் குறைத்து எண்ணலாகாது. இப்போது ஐந்தடி உயரமுள்ள பெண்ணும் ஆறடி உயரமுள்ள ஆணும் ஒரே கியரில் ஓட்டலாம். வேகத்தை முடிவு செய்வது பல்லின் எண்ணிக்கை. பல்லுக்கு நெட்டை, குட்டை என்ற பேதம் கிடையாது. தொழிலாளியும், பள்ளி ஆசிரியையும், தாதியும் மிதிவண்டியில் ஏறிய காலம் இதன் பிறகுதான் தொடங்கியது.

ஆனால் மக்கள் பழைய அளவை மறக்கவில்லை. புதிய வண்டியை வாங்க வந்தவர், "இது எத்தனை அங்குலச் சக்கரத்துக்குச் சமம்?" என்றுதான் கேட்டார். விற்றவரும் அந்தக் கணக்கிலேயே விடை சொன்னார். அந்த வழக்கம் ஆங்கிலேயரிடம் நிலைத்துவிட்டது. குதிரைகள் வீதியை விட்டுப் போன பிறகும் மோட்டாரின் ஆற்றலைக் குதிரைத் திறன் என்று சொல்கிறோம் அல்லவா? அதே போல, உயரச் சக்கரம் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும் மிதிவண்டியின் கியரை அங்குலத்தில் சொல்கிறார்கள்.

கணக்கு எளியது. பின் சக்கரத்தின் குறுக்களவை முன் பல்லின் எண்ணிக்கையால் பெருக்கி, பின் பல்லின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம் கறுப்புச் சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 28-ஐ 44-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 68 அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. எந்த மனிதனின் காலும் எட்டாத 68 அங்குல உயரச் சக்கரத்தை நம் தபால்காரர் நாள்தோறும் ஓட்டிக் கொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது! ஒரு மிதிக்கு அந்த வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும்.

இப்போது பின் பல்லை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 18-க்குப் பதில் 20 பல் போட்டால் கியர் 61.6 அங்குலமாகக் குறைகிறது. ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே போவோம். மேட்டில் மிதிப்பது அந்த அளவுக்கு எளிதாகும். 16 பல் போட்டால் கியர் 77 அங்குலம். ஒரு மிதிக்கு ஆறு மீட்டருக்கு மேல் போவோம். மேட்டிலோ முழங்கால் வலிக்கும். நெம்புகோலுக்குரிய விதிதான் இங்கேயும் செல்லும். தூரத்தில் பெறுவதை வலிமையில் இழக்கிறோம். வலிமையில் பெறுவதைத் தூரத்தில் இழக்கிறோம். இரண்டையும் சேர்த்துத் தரும் பல்சக்கரத்தை எந்தக் கொல்லரும் செய்ததில்லை.

இந்த இடத்தில் பல்லின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க காலச் சங்கிலிகளில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி ஓர் அங்குலம். அதனால் பின் சக்கரத்தில் 8 அல்லது 9 பல்தான் இருக்கும். 8-லிருந்து 9-க்குப் போனால் கியர் ஒரேயடியாக ஒன்பதில் ஒரு பங்கு இறங்கிவிடும். பின்னர் அரை அங்குல இடைவெளி வழக்கத்துக்கு வந்தது. இன்று உலகமெங்கும் மிதிவண்டிச் சங்கிலிக்கு அதுவே அளவு. 8 பல் இருந்த இடத்தில் 16 பல் வந்தது. 16-லிருந்து 17-க்குப் போவது சிறிய படி. ஓட்டமும் மென்மையாயிற்று, தமக்குப் பொருந்தும் கியரைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ நுட்பமாகத் தேர்ந்தெடுக்கும் வசதியும் மனிதனுக்குக் கிடைத்தது.

1890-களின் இறுதியில் மற்றொரு மாற்றமும் பரவியது. அதுவரை சக்கரம் சுற்றினால் பெடலும் சேர்ந்து சுற்றியாக வேண்டும். இறக்கத்தில் கால்கள் காற்றாடி போலச் சுழலும். மேட்டுக்காகக் கியரைக் குறைத்து வைத்தால் இறக்கத்தில் கால் தாங்காது. ஃப்ரீவீல் வந்த பிறகு, இறக்கத்தில் காலை நிறுத்தி வைத்துக்கொண்டு சும்மா இறங்கலாம். ஒற்றைக் கியரை மேட்டை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போது கிடைத்தது. 1903-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் உருவாக்கிய 'டார்பிடோ' என்னும் குடத்தில், காலைப் பின்னோக்கி அழுத்தினால் பிரேக்கும் பிடித்தது.

நேயர்களே, இதுவரை சொன்னதைக் கேட்டால், கியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எலும்பிடமிருந்து எண்ணுக்கு வந்தது, எண்ணிலிருந்து ஓட்டுபவரின் கைக்கு வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அப்படி நேரவில்லை. அந்த உரிமையின் குறுக்கே ஒரு மனிதர் வந்து நின்றார். அவர் பெயர் ஆன்றி தெகிரான்ஜ்.

தெகிரான்ஜ் பிரெஞ்சு நாட்டவர். 1893-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரின் பஃபலோ ஓட்டத் திடலில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு மணி நேரச் சாதனைக்கு முதல் வரம்பை வகுத்தவர் அவரே. ஓட்டத் திடல் சமமான தரை. மேடில்லை, பள்ளமில்லை. அங்கே ஒரே கியர் போதும். உண்மையில் அதுவே சிறந்தது. தெகிரான்ஜ் பின்னர் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரானார். 1903-இல் 'தூர் தெ பிரான்ஸ்' என்னும் புகழ்பெற்ற நெடுந்தூரப் பந்தயத்தைத் தொடங்கினார். திடலில் தாம் கற்ற பாடத்தை அவர் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கும் கொண்டு வந்தார். கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே ஏற்றது என்பது 1902-இல் அவர் எழுத்தில் வெளியிட்ட கருத்து. வெற்றி பெறுவது தசையின் வலிமையாக இருக்க வேண்டும், இயந்திரத்தின் தந்திரமாக இருக்கலாகாது என்று அவர் உறுதியாக நம்பினார்.

அவருக்கு எதிர்க்குரலாக எழுந்தவர் பால் தெ விவீ. சான்-எத்தியேன் என்னும் மலைப்பாங்கான நகரில் வாழ்ந்த இவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதி வந்தார்; மிதிவண்டிக்கென்றே ஒரு சஞ்சிகை நடத்தினார். வீட்டு வாசலைத் தாண்டினாலே மேடு தொடங்கும் ஊரில் இருந்தவருக்கு ஒற்றைக் கியரின் துன்பம் நன்கு தெரியும். முன்னால் இரண்டு பல்சக்கரங்களை வைத்து, வண்டியை நிறுத்திக் கையால் சங்கிலியை மாற்றிப் போட்டு மலையேறிப் பார்த்தார். ஒருவர் சமதளத்திலிருந்து பேசினார். மற்றவர் மலையடிவாரத்திலிருந்து பேசினார். இருவரும் தத்தம் இடத்தில் கண்டதைத்தான் சொன்னார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் சமதளத்துக்காரரிடம் இருந்ததுதான் வீரர்களின் துரதிர்ஷ்டம்.

1910-இல் அந்தப் பந்தயம் பிரெனே மலைத்தொடரில் ஏறியது. தூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். அந்நாளில் அது தார் காணாத கரடுமுரடான மலைப்பாதை. அந்த ஆண்டு பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லாப்பீஸ் கூட அந்த மேட்டில் சில இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வண்டியை விட்டு இறங்காமலே உச்சியை அடைந்த குஸ்தாவ் காரிகூ தனிப் பரிசு பெற்றார். உலகின் தலைசிறந்த வீரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததற்கு அவர்கள் கால் பலவீனம் காரணமா? அன்று, சமதளத்துக்கென்று தேர்ந்தெடுத்த பற்களே காரணம்.

சட்டத்துக்குள் வீரர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். பின் சக்கரத்தின் குடத்தில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் பூட்டினார்கள். ஒரு பக்கம் சமதளத்துக்கு, மறு பக்கம் மேட்டுக்கு. மலையடிவாரம் வந்ததும் வண்டியிலிருந்து குதித்து, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, மீண்டும் ஏறினார்கள். உச்சியில் மறுபடியும் அதே வேலை. குளிரில் விரல் விறைத்திருக்கும். எதிராளி முந்திச் சென்றுகொண்டிருப்பான். எங்கே நின்று திருப்புவது என்பதே பந்தயத்தின் பெரிய சூட்சுமமாகிவிட்டது.

இந்த உபாயத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. எல்லை கட்டியது சங்கிலியின் நீளம். இதைப் புரிந்துகொண்டால் ஒற்றைக் கியர் வண்டியின் இரகசியம் முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

பெடல் அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து இரண்டால் பெருக்குங்கள். முன் பல், பின் பல் இரண்டையும் கூட்டி நான்கால் வகுங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் தேவையான சங்கிலியின் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். தூரம் 18 அங்குலம் என்றால் இரட்டித்து 36. பற்கள் 44-ம் 18-ம் சேர்ந்து 62. நான்கால் வகுத்தால் பதினைந்தரை. கூட்டினால் ஐம்பத்தொன்றரை. சங்கிலி முன்னால் பெரிய வட்டத்திலிருந்து பின்னால் சிறிய வட்டத்துக்குச் சாய்வாக இறங்குவதால் மேலும் கால் அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக ஐம்பத்தொன்றே முக்கால் அங்குலம்.

ஆனால் சங்கிலியை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. அதில் ஒரு குறுகிய கண்ணியும் ஓர் அகன்ற கண்ணியும் மாறி மாறி வருகின்றன. இரண்டும் சேர்ந்தது ஓர் அங்குலம். ஆகவே முழு அங்குலமாகத்தான் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். நம் வண்டிக்கு 52 அங்குலம் வைக்க வேண்டும். மிச்சமுள்ள கால் அங்குலத் தொய்வை என்ன செய்வது? அதற்காகத்தான் பின் சக்கர அச்சு உட்காரும் பிளவு நீளவாட்டில் இருக்கிறது. அச்சை எட்டில் ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்தால் தொய்வு மறைந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ அச்சு எட்டில் ஓர் அங்குலம் நகர வேண்டும். எட்டுப் பல் வேறுபட்டால் ஓர் அங்குலம் நகர வேண்டும். பிளவின் நீளமோ மிகக் கொஞ்சம். ஆகவே சக்கரத்தைத் திருப்பி மாட்டிய அந்த வீரர்கள் தமக்கு வேண்டிய அளவுக்குப் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கத்தில் பூட்ட இயலவில்லை. நான்கைந்து பல் வேறுபாட்டில் 68 அங்குலக் கியரை 55 அங்குலம் வரை இறக்கலாம். ஈராயிரம் மீட்டர் மலைக்கு அது எம்மாத்திரம்!

கியர் மாற்றும் கருவியில் ஒரு வில் கையும் சிறு சக்கரங்களும் தொங்குகின்றனவே, அவை செய்யும் பாதி வேலை இதுதான். சங்கிலியின் தொய்வைத் தாமே இழுத்து வைத்துக்கொள்கின்றன. அதனால் பற்களுக்கிடையே பெரிய வேறுபாடும் இருக்கலாம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1903 முதல் விற்ற மூன்று வேகக் குடம் வேறு வழியில் சென்றது. சங்கிலியைத் தொடாமலே குடத்துக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களால் கியரை மாற்றியது. கடைக்குப் போகும் சாதாரண மனிதருக்கு மூன்று கியர் கிடைத்துக் கொண்டிருந்த அதே காலத்தில், ஆல்ப்ஸ் மலையேறும் வீரர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிக் கொண்டிருந்தார்!

1936-இல் உடல் நலம் குன்றித் தெகிரான்ஜ் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, 1937-இல், முன்னணி வீரர்களும் கியர் மாற்றும் கருவியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. பந்தயம் தொடங்கி முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் மலைக்கு ஏற்ற கியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மலையேறுபவருக்கு வந்தது. பால் தெ விவீ அதைக் காணவில்லை. அவர் 1930-இலேயே மறைந்துவிட்டார்.

அப்படியானால் ஒற்றைக் கியர் தவறான ஏற்பாடா? இல்லவே இல்லை. 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மெக்சிகோ நகரத் திடலில் பெல்ஜியம் நாட்டு எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் வண்டியில் முன்னால் 52 பல், பின்னால் 14 பல். வேறு கியர் கிடையாது. ஒரு மிதிக்கு ஏறத்தாழ 7.9 மீட்டர். அதாவது ஒரு மணி நேரம் முழுவதும் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் மிதித்திருக்கிறார். பின்னால் 13 பல் வைத்திருந்தால் இன்னும் வேகமாகப் போகலாமே என்று நமக்குத் தோன்றும். அந்தப் பாரத்தை அறுபது நிமிடமும் தாங்க முடியுமா என்பதே கேள்வி. தம் காலையும் திடலையும் அறிந்து முன்கூட்டியே அவர் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்திலும் இன்றுவரை ஒற்றைக் கியர்தான். சமதளத்தில், தன் காலை அறிந்தவன் கையில், ஒற்றைக் கியரைப் போல இலேசானதும் உறுதியானதும் வேறில்லை.

ஒற்றைக் கியர் வண்டியை விரும்பிப் பூட்டிக்கொள்ளும் இளைஞர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் பாடங்கள் மூன்று. முதலாவது, நம் அன்றாட வழியின் மிகக் கடினமான மேடு எது என்று பார்க்க வேண்டும். கிள்ளான் பக்கத்துச் சமவெளியில் ஓடும் வண்டிக்கு 68 அங்குலம் பொருந்தலாம். கேமரன் மலைப் பாதையில் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். இரண்டாவது, ஏற்றும் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொருள் ஏற்றும் வண்டிக்குப் பின்னால் இரண்டு பல் கூட்டிப் போட்டால் முழங்கால் வாழ்த்தும். மூன்றாவது, பல்லை மாற்றும்போது சங்கிலியையும் நினைக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் சங்கிலி அரை அங்குலம் போல மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் கழன்று விழும். இறுகினால் அச்சும் குடமும் தேயும். பழைய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளத்தை அளந்து பாருங்கள். புதியதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். எட்டில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் சங்கிலியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதை விட்டு வைத்தால் பற்களையும் தின்றுவிடும்.

முதலில் எலும்பு கியரை முடிவு செய்தது. பிறகு பட்டறைக்காரர் முடிவு செய்தார். பந்தய வீரர்களுக்கு நெடுங்காலம் ஒரு பத்திரிகை ஆசிரியரின் சட்டம் முடிவு செய்தது. சமமான திடலில் உண்மையாக இருந்த ஒன்றை மலைக்கும் உண்மை என்று எண்ணியதால், ஒரு தலைமுறை வீரர்கள் மேட்டில் நடந்தார்கள். கல்வியிலும், தொழிலிலும், வீட்டிலும்கூட, தமக்குப் பொருந்திய அளவைப் பிறர் மீது சுமத்துபவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்களல்லர், மற்றவருடைய மேட்டைப் பார்த்தறியாதவர்கள். மிதிப்பவரின் காலையும் அவர் போகும் வழியையும் கேட்ட பிறகே பல்லின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்பதை, இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு நமக்குத் தெளிவாகவே கூறுகிறது.

வீட்டில் ஒரு பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தால், அதன் பற்களை இன்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையும் எண்ணச் சொல்லி, 28-ஆல் பெருக்கி வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை அங்குலச் சக்கரத்தின் மீது நம் பெரியவர்கள் உழைப்புக்குப் போய் வந்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.